ஸ்கேன் எடுக்கும் நேரம் மட்டும் வேலை நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனைப் பணிச்சோர்வு என்றதும் டாக்டர்களும் நர்ஸ்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ அறையில் இருப்பவர்கள் பட்டனை அழுத்துகிறவர்கள்தானே என்ற நினைப்பு நிர்வாகத்துக்கே உண்டு. வேலை அட்டவணையும் அந்த நினைப்பில்தான் போடப்படுகிறது.

வயிற்று சிடியில் படம் எடுக்க ஆவது சில விநாடிகள். அதற்கு முன் ஆள், பெயர், உறுப்பு சரிதானா என்று பார்க்க வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஒவ்வாமை, கர்ப்பம் பற்றிக் கேட்க வேண்டும். ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்ற வேண்டும். ரத்தக்குழாய் சிடி என்றால், படத்தில் குழாய்கள் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் பாயும். அதைத் தாங்க முழங்கைப் பக்கம் 18 அல்லது 20 கேஜ் கேனுலா (நரம்பில் குத்தும் ஊசிக்குழாய்; கேஜ் எண் கூடினால் குழாய் மெல்லியது) வேண்டும். வார்டில் புறங்கையில் குத்தி அனுப்பிய 24 கேஜை நம்பி, மருந்தை வேகமாகச் செலுத்தும் இஞ்செக்டரை ஓட்டினால் மருந்து தோலுக்கடியில் கசிந்து கை வீங்கிவிடும். எனவே புதிதாக நரம்பு தேட வேண்டும். முடிந்தபின் ஒவ்வாமை வருகிறதா என்று சுமார் அரை மணி நேரம் கவனிக்கவும் வேண்டும். அதற்குள் அடுத்தவர் மேசையில் படுத்திருப்பார். பல இடங்களில் இரவில் இத்தனைக்கும் ஒரே ஆள், போன் எடுப்பதும் அவரே.

சோர்வு முதலில் தெரிவது முகத்தில் அல்ல, படத்தில். இடது, வலது குறி மாறுகிறது. நோயாளி அசைந்து படம் கலங்குகிறது. திரும்ப எடுப்பதால் கதிர்வீச்சு கூடுகிறது. எம்ஆர்ஐயில் ஆபத்து இன்னும் பெரிது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அவசரத்தில் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் உள்ளே போனால் அது பறந்து வரும். அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர்களின் தோள், மணிக்கட்டு வலி தனிக்கதை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை நோயாக அல்ல, வேலையிடம் சார்ந்த நிகழ்வாகவே குறித்தது. இருந்தும் நைட் டியூட்டி முடித்தவர்களை உட்காரவைத்து மன அழுத்தம் பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறார்கள்! கதிர்வீச்சுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பு உண்டு, அளக்க பேட்ஜும் உண்டு. ஒரு ஷிஃப்டில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதற்குப் பல இடங்களில் வரம்பே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். நோயாளி அறைக்குள் வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் இரண்டு வாரம் குறித்துவைத்து, அதை வைத்து ஸ்லாட் போடுங்கள். கான்ட்ராஸ்ட் போடும்போது இரண்டாவது ஆள் கட்டாயம் இருக்கட்டும். போனை வேறொருவர் எடுக்கட்டும். திரும்ப எடுத்த படங்களை ஷிஃப்ட் வாரியாக எண்ணுங்கள். எந்த நேரத்தில் ஆள் போதவில்லை என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து யாருக்கும் மெமோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதம் தப்பான படங்கள் கணக்கில் வராமலே அழிந்துபோகும்.

இப்படிக்கு,
ஸ்கேன் பிரிவு ரேடியோகிராபர்கள் சிலர்