தோட்ட ரயிலுக்கு வேடிக்கைப் பெட்டி: பெற்றோர்களுக்குச் சில அளவுகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்து ரயிலுக்கு ஆளுக்கொரு வேடிக்கைப் பெட்டி செய்கிறார்கள். நத்தை, கிழிந்த ஷூ, குளியல் தொட்டியில் உட்கார்ந்த யானை என்று படம் வரைந்தாகிவிட்டது. எந்தக் கற்பனைக்கும் நாங்கள் தடை சொல்லவில்லை. அடிப்பலகைக்குக் கீழே இருப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பெட்டி ஓடுமா, கவிழுமா என்பது அங்கேதான் முடிவாகிறது. வீட்டில் உதவப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

நம் தண்டவாளத்தின் இடைவெளி 45 மி.மீ. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த ரயிலுக்கும் இதே இடைவெளிதான். மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் இடைவெளி) பாதையை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய இது வரும். நம் வளைவின் ஆரம் 600 மி.மீ. மிக நெருக்கமான வளைவு என்பதால் மற்ற அளவுகளெல்லாம் இதைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு போகிகள் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி, வளைவில் திரும்பும் சிறு சட்டங்கள்), உலோகச் சக்கரங்கள், கொக்கிகள் ஆகியவற்றைப் பள்ளி தரும். நீங்கள் அனுப்ப வேண்டியது 300-க்கு 100 மி.மீ. அளவில் 6 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று. போகிகளின் நடுத்திருகுகளுக்கு இடையே 200 மி.மீ. இருக்கட்டும். அப்படி வைத்தால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி 8 மி.மீ. உள்பக்கம் ஒதுங்கும். 300 ஆக்கினால் 19 மி.மீ. ஒதுங்கி, ஓரத்துக் கம்பத்தில் இடிக்கும். திருகுகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும்.

பெட்டிகள் தடம் புரள முதற்காரணம், இரண்டு போகிகளையும் ஒரே மாதிரி இறுக்குவது. ஒரு போகியை இடமும் வலமும் திரும்பும் அளவுக்கு மட்டும் விட்டு, பக்கவாட்டில் ஆடாதபடி வாஷர் வைத்துத் திருகுங்கள். மற்றதை இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தி, எல்லாப் பக்கமும் லேசாக ஆட விடுங்கள். மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்தில் ஆடாமல் நிற்பது போல, பெட்டி நான்கு மூலையிலும் தண்டவாளத்தைத் தொட்டபடி போகும். திருகு தானாகக் கழலாமல் இருக்க நைலான் நட்டு போடவும்.

மொத்த எடை 600 முதல் 800 கிராமுக்குள் இருக்க வேண்டும். கனமான பெட்டிகளுக்கு நடுவே இலேசான ஒன்று மாட்டினால், வளைவில் இழுபட்டு உள்பக்கம் சாய்ந்துவிடும். எடை போதாவிட்டால் இரும்பு வாஷர்களைப் பலகையின் அடியில், நடுவில் ஒட்டுங்கள், ஈயம் வேண்டாம். யானையைக் களிமண்ணில் செய்தால் பாரம் முழுவதும் தலையில் ஏறும். ஃபோம் அல்லது காகிதக் கூழ் நல்லது. ஒரு பலகையில் தண்டவாளத் துண்டை வைத்து, பெட்டியை நிறுத்தி, பக்கவாட்டில் 20 டிகிரி சாய்த்துப் பாருங்கள். விழுந்தால் மேலே குறைக்க வேண்டும்.

யானை தலையாட்ட வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மோட்டார் தேவையில்லை. 30 மி.மீ. சக்கரம் ஒரு முறை உருள 94 மி.மீ. நகரும், நம் வட்டத்தை ஒருமுறை சுற்ற 40 உருளல். அச்சிலேயே கேம் (சுழலும்போது கம்பியை மேலும் கீழும் தள்ளும் கோணல் வட்டு) வைத்தால் தலை 40 முறை வெடவெடக்கும், பார்க்க நன்றாக இராது. அச்சில் 10 மி.மீ. உருளை, கேமில் 40 மி.மீ. உருளை வைத்து ரப்பர் பேண்டால் இணைத்தால் பத்து முறை நிதானமாக ஏறி இறங்கும். கேமைப் போகியிலேயே பொருத்துங்கள். பலகையில் பொருத்தினால் வளைவில் போகி ஏறத்தாழ 10 டிகிரி திரும்பும்போது ரப்பர் கழன்றுவிடும். இதே காரணத்தால் பலகையில் தலையை ஆட்டும் கம்பி மேலேறும் துளையும் அகலமாக இருக்க வேண்டும். ரப்பரை இறுக்கினால் சக்கரம் உருளாமல் வழுக்கும்.

சக்கரங்களைக் கழற்ற வேண்டாம். ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுவதால், அது போனால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும்.

விளக்கு வேண்டுமென்றால் தண்டவாளத்து மின்சாரத்தைத் தொடாமல் 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர் போதும். பட்டன் பேட்டரி எந்தப் பெட்டியிலும் கூடாது. சிறு பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிளாஸ்டிக் பாட்டிலை உடலாக வைப்பவர்கள் பசையை நம்பாதீர்கள். பல பாட்டில்களில் ஒட்டாது, திருகுதான். கண்ணாடி போன்ற ஜன்னலுக்குச் சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி படிந்து வெண்மையாகிவிடும். பெயிண்டுக்கு முன் சோப்பால் கழுவி, 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்கவும்.

ரம்பம், துளைக்கருவி, ஸ்ப்ரே மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும். அளப்பது, எடை போடுவது, வர்ணம் தேர்வது பிள்ளையின் வேலை. மூக்கு கோணலாக இருந்தால் கோணலாகவே அனுப்புங்கள். நீங்கள் திருத்திய மூக்கு அவர்களுடையது ஆகாது.

தோட்டத்துக் குகையின் வாசல் 150 மி.மீ. அகலம், தண்டவாளத்திலிருந்து 220 மி.மீ. உயரம். இதே அளவில் வெட்டிய அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். தும்பிக்கை, கொடி, காது உட்பட எல்லாம் அதில் நுழைந்த பிறகே பெயிண்ட் அடியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்