எசெக்ஸ்: காற்றை மறந்த கலந்தாய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

1820 நவம்பர் 20 அன்று பசிபிக்கில் திமிங்கிலம் மோதிச் சிதைந்த ‘எசெக்ஸ்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் குறித்த தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை, துணை அதிகாரிகளின் சொல்லுக்கு இணங்கிய கேப்டன் பொல்லார்டைச் சிறந்த தலைவர் என்கிறது. ஏற்பதற்கில்லை. கலந்து பேசியது சரி. அங்கே காற்றைவிட வதந்திக்கு எடை கூடியதுதான் பிழை. படகுகளில் ஏறித் தப்பியவர்களுக்கு மேற்கே சுமார் 1,200 மைலில் மார்க்கெசாஸ் தீவுகள். கிழக்கிலிருந்து மேற்காக ஓயாது வீசும் வியாபாரக் காற்றும் அந்தப் பக்கமே தள்ளும். அங்கு நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்களென்று அஞ்சி, அதைவிட வெகு தொலைவில், காற்றுக்கு எதிர்த்திசையிலுள்ள தென் அமெரிக்காவைக் குறிவைத்தனர். (கடைசியில் இறந்த சகாக்களின் உடலையே அவர்கள் உண்ண நேர்ந்தது.)

அவசரத்தில் பாய் கட்டிய திறந்த படகு எதிர்காற்றில் ஏறாது, பக்கவாட்டில் ஒதுக்கப்படும் என்பது பாய்மரம் ஓட்டியவர் எவரும் அறிந்தது. ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீர். ரொட்டியோ கடல்நீரில் நனைந்தது. வெயிலில் உலர்த்தினாலும் உப்பு தங்கிவிடும். தின்னத் தின்னத் தாகம்தான். 20 பேரில் 8 பேரே பிழைத்தனர், அவர்களிலும் மூவர் வழியில் கரையேறிய ஹெண்டர்சன் தீவிலேயே தங்கிவிட்டவர்கள். இத்தகைய கட்டுரைகளோடு காற்றின் திசை குறித்த கடல் வரைபடம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.