பெயர்கள் வாசிக்கப்படும் நான்கு மணி நேரம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் தாமே நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. நியூ ஜெர்சியில் நாங்கள் நலம். சின்னவள் சென்ற மாதம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்கள் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இரண்டிலும் மோதிய தாக்குதலில் இறந்தவர்களுக்காக, ஆண்டுதோறும் அங்கே நடக்கும் நினைவு நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பெயர்களை வாசிப்பதைத் தொலைக்காட்சி காட்டத்தான் வேண்டுமா என்பது உன் கேள்வி. அந்த நாளில் தொலைக்காட்சி காட்ட வேண்டியது அது ஒன்றைத்தான் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். நியூயார்க்கில் இறந்த 2,753 பேரில் சுமார் 1,100 பேரின் உடலில் ஒரு சிறு பகுதிகூட இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. எரிக்கவோ புதைக்கவோ எதுவும் கிடைக்காத வீடுகள் அவை. கோபுரங்கள் நின்ற இடத்தில் இப்போதுள்ள இரு நீர்த்தடாகங்களைச் சுற்றி, வெண்கலத் தகட்டில் வெட்டப்பட்ட பெயரைத் தடவிப் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் உரக்கச் சொல்லப்படுவதைக் கேட்பதும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஈமச் சடங்கு. அதே நாளில் பென்டகனிலும் பென்சில்வேனியாவிலும் இறந்தவர்களையும், அதே மையத்தில் நடந்த 1993 குண்டுவெடிப்பில் இறந்த 6 பேரையும் சேர்த்து 2,983 பெயர்கள். அவற்றில் நம் நாட்டவர் பெயர்களும் உண்டு.

வாசிப்பவர்கள் இறந்தவர்களின் உறவினர்கள். இருவர் இருவராக மேடையேறித் தங்கள் பங்குக்கு வந்த பெயர்களை வாசித்துவிட்டு, கடைசியில் தங்கள் வீட்டுப் பெயரைச் சொல்வார்கள். அதுவரை தடுமாறாத குரல் அந்த ஒரு பெயரில் உடைந்துவிடும். இப்போதெல்லாம் 2001-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் வாசிக்க வருகிறார்கள். ஒலிவாங்கியை எட்டிப் பிடித்து, தாங்கள் ஒருநாளும் பார்த்திராத தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ நேரில் பேசுவதுபோல இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு இறங்குகிறார்கள். முதல் விமானம் மோதிய காலை 8:46-இல் தொடங்கி, இரண்டாவது கோபுரம் சரிந்த 10:28 வரை, ஆறு முறை மணியடித்து வாசிப்பை நிறுத்தி மௌனம் காக்கிறார்கள். அரசியல் தலைவர்கள் வருவார்கள், நிற்பார்கள். ஆனால் 2012 முதல் அந்த மேடையில் அவர்கள் உரையாற்றுவதில்லை. இந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு அதுதான்.

தொலைக்காட்சிக்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதே ஒழுங்கைத்தான். நாடாளுமன்ற நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் அலைவரிசை விளம்பரமோ வர்ணனையோ இல்லாமல் காட்டுவதுபோல மற்றவர்களும் காட்டினால் போதும். பல அலைவரிசைகள் முதல் சில நிமிடங்களைக் காட்டிவிட்டு விவாதத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லும்போது திரையின் ஓரத்தில் அவள் ஓசையின்றி வாயசைக்க, விவாத அரங்கில் நால்வர் தேர்தலைப் பற்றிப் பேசுவது எனக்குத் தாங்க முடியாத அவமரியாதையாகப் படுகிறது.

விமானங்கள் மோதும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்று நீ எழுதியதை முழு மனத்தோடு ஏற்கிறேன். 2001-லேயே ஏபிசி செய்திப் பிரிவு, குழந்தைகளை மனத்தில் கொண்டு, அதைத் திரும்பத் திரும்பக் காட்டுவதைச் சில நாட்களில் நிறுத்திவிட்டது. ஆனால் எம்.எஸ்.என்.பி.சி. என்ற செய்தி அலைவரிசை 2006 முதல் பல நினைவு நாட்களில் அன்றைய நேரடி ஒளிபரப்பை அதே நேரக் கணக்கில் மறுபடியும் ஓட்டியது. வரலாற்றை அறிய வேண்டிய இளையவர்களுக்கு அது பயன்படும் என்பது உண்மைதான். அதற்கு ஆண்டில் வேறு நாட்கள் இல்லையா? கணவனை அந்தக் கட்டடத்தில் இழந்தவள் அன்று காலை தொலைக்காட்சியைப் போட்டால், அவன் இறந்த கணத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பார்க்க நேரிடுகிறது.

இங்கே காலை 8:46 என்றால் உனக்கு மாலை 6:16. இந்த முறை ஒரு மணி நேரமாவது இணையத்தில் அந்த வாசிப்பைக் கேட்டுப் பார். அதன் பிறகும் உன் கருத்து மாறவில்லை என்றால் தயங்காமல் எழுது, பேசுவோம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கோபால்