இரவுப் பணியிலிருந்த சிஸ்டருக்கு

முதுகில் டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன். எப்போது வேலைக்குப் போவேன், எப்போது வண்டி ஓட்டுவேன் என்று வருகிறவர்களை எல்லாம் நச்சரித்தேன். வலியைவிட அந்தக் கவலைதான் தூங்கவிடவில்லை.

சிஸ்டர், நீங்கள் மாத்திரை கொடுக்க வந்தீர்கள். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அதெல்லாம் அப்புறம். நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டீர்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து உட்காருவது, அதுதான் முதல் இலக்கு என்றீர்கள். அடுத்தது கதவு வரை நடை. "வலி குறைஞ்சதான்னு மட்டும் பார்க்காதீங்க, எவ்வளவு நடந்தீங்கன்னும் எழுதுங்க" என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் இரட்டிப்பாக நடந்துவிட்டு மறுநாள் முடங்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். (என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள்!)

குனிவது, பளு தூக்குவது, இடுப்பை முறுக்குவது மூன்றுக்கும் டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. சரி, பரவாயில்லை. தெருமுனை வரை தனியாகப் போய் வருகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் பணியில் இல்லை. ரொம்ப நன்றி, சிஸ்டர். அந்த வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் காட்டுங்கள்.