மிர்ட்டில் செடியைக் கொல்வது வறட்சியா, ஈரமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மணமுள்ள இலைக்காகச் சமையலிலும் சேர்க்கப்படும் மிர்ட்டில் செடியின் வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘தினமும் தண்ணீர் விடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் செடியைச் சாகடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் புதர் இது. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். அதனால் வேரைச் சுற்றிக் காற்றோட்டம் இருந்தாக வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும், இலை வாடித் தொங்கும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார். வாடிய செடிக்குத் தண்ணீர் விடுமுன் விரலை 3 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடியிருந்தால் கோளாறு வேரில்தான். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பேறிக் குழைந்த வேர்களை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். அதற்காகத் தொட்டி மண்ணை ஒரேயடியாகக் காயவிடவும் கூடாது. ஒருமுறை முற்றிலும் காய்ந்தாலே இலைகள் மொறமொறத்துக் கொட்டிவிடும்.

மண்கலவை: தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய உரம் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவை அள்ளிப் போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மழை பெய்யும் ஊர்களில் தரையில் நடுவதானால் மேட்டுப்பாத்தி நல்லது. கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. ஆனால் வடிகாலைச் சரிசெய்யாமல் இரும்புச் சத்து கொடுத்துப் பயனில்லை, நனைந்த வேர் அதை எடுத்துக்கொள்ளாது.

பூக்கவில்லை என்பது அடுத்த புகார். பூ அந்தப் பருவத்தில் விட்ட புதுத் தளிரின் இலைக்கக்கத்தில்தான் (இலை தண்டோடு சேரும் இடத்தில்) வரும். குளிர் முடிந்து தளிர்க்கும் முன் கவாத்து செய்தால் போதும். கோடை தொடங்கிய பிறகு கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். வேலியாக வைத்து மாதாமாதம் சமன் செய்கிறவர்களுக்குப் பச்சைச் சுவர் கிடைக்கும். பூவும் காயும் கிடைக்காது. முற்றிய புதரை ஒரே அடியாக மொட்டையடிப்பதும் தவறு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை வெட்டி, மூன்று ஆண்டுகளில் புதுப்பிக்கலாம்.

விதையிலிருந்து வளர்த்தால் பூக்க ஆண்டுகள் ஆகும். கோடைக் கடைசியில் பாதி முற்றிய குச்சியை 8 செ.மீ. நீளத்துக்கு எடுத்து, கீழ் இலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு, ஊதாப் பூக்களோடு விற்கப்படும் கிரேப் மிர்ட்டில் வேறு குடும்பத்துச் செடி, சமையலுக்கு ஆகாது. உண்மையான மிர்ட்டிலின் பூ வெள்ளை, ஐந்து இதழ், நடுவே கொத்தாக மகரந்தக் கேசரங்கள். இலையைக் கசக்கினால் மணக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.

இளந்தளிரில் பளிச்சென்ற மஞ்சள் பொடி கண்டால் அது மிர்ட்டில் துரு நோயாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2010-லும் நியூசிலாந்தில் 2017-லும் நுழைந்து பரவிய பூஞ்சை இது. கொய்யா, யூகலிப்டஸ் போன்ற உறவுச் செடிகளையும் தாக்கும், பூஞ்சையின் நுண்வித்துகள் காற்றில் பறக்கும். செடியை உலுக்காமல், குச்சி எதையும் பிறருக்குக் கொடுக்காமல் வேளாண் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சாதாரண மாவுப்பூச்சி, செதில்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலே போதும்.

சமையலில் இலையை அளவாகத்தான் போட வேண்டும். இரண்டு மூன்று இலைகளை இறைச்சியோடு வேகவிட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். பழம் கருநீலமாகப் பழுத்த பிறகே பறிக்க வேண்டும். அப்போதும் துவர்ப்பும் பிசின் வாசனையும் இருக்கும், உள்ளே விதைதான் அதிகம். இத்தாலியின் சார்டினியத் தீவில் அதைச் சாராயத்தில் ஊறவைத்து ‘மிர்டோ’ என்ற மதுவாக்குகிறார்கள். பழத்தை உலர்த்திப் பொடித்தால் மிளகுக்குப் பதில் தூவலாம். ஆனால் கடையில் விற்கும் மிர்ட்டில் எண்ணெய் செறிவூட்டியது. அதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, குழந்தைகளின் மூக்கருகே தடவவும் கூடாது.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர்கள்