பாசி தின்னும் மீன்

சிட்னி
ஜூன் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பிச்சிக்கு,

நலம். நீங்களும் அமுச்சியும் நலந்தானே? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. நான் கத்திப் பேசினால் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார். அதனால்தான் கடிதம். அம்மிணி படித்துக் காட்டட்டும். அம்மிணி, நிறுத்தி நிறுத்திப் படி, கண்ணு.

நான் கடலோரப் பாறைமேல் தூண்டிலோடு நிற்கிற படத்தை மாமா பையன் வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் திட்டுதான். அம்மா ஒரே அழுகை. "கடல் எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாத ஊர்ல பொறந்தவனுக்கு இது எதுக்கு?" என்றார் அப்பா. அத்தனை சத்தத்துக்கு நடுவில் நீங்கள் போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "என்ன எரை போடறாங்க, சாமி?" நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

பாசிதான் அப்பிச்சி. பச்சைப் பாசி. தடப்பள்ளி வாய்க்கால் படியில் காலை வழுக்கிவிடுமே, அதே மாதிரி முடி முடியாக இருக்கும். புழு இல்லை, இறால் இல்லை. பெரும்பாலும் பாசியும் கீரையுமே தின்னும் மீன் ஒன்று இங்கே இருக்கிறது. பேர் லூடரிக். பழைய ஆட்கள் கறுப்பு மீன் என்றும் சொல்வார்கள். சாம்பல் உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், சின்ன வாய். பாறையில் வளரும் பாசியைச் சுரண்டித் தின்றே கொழுத்துப்போகிறது. இங்கே ஜூன் என்றால் குளிர்காலம், அதற்கு இதுதான் பருவம். தூண்டில் கடையில் பாசியைப் பையில் போட்டு விற்கிறார்கள். காசு கொடுத்துப் பாசி வாங்கின முதல் ஆள் நம் வம்சத்தில் நான்தான்.

இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கிரேக்கப் பெரியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும், என் ஆங்கிலம் அவருக்குக் காலே அரைக்கால்தான். ஆனால் கை பேசும். அமுச்சி பூக்கட்டுகிற மாதிரி பாசியை முள்ளின் காம்பில் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறார். மிச்சப் பாசியைப் பொடியாக நறுக்கி, மணலோடு பிசைந்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் எறிகிறார். மணல் எதற்கு என்று கேட்டேன். வெறும் பாசி மிதந்து போய்விடும், மணல் இருந்தால்தான் மீன் மேய்கிற ஆழத்துக்கு இறங்கும். அடுத்து அவர் தக்கையைக் காட்டினார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியாக நீளமான தக்கை. அடியில் ஈயத்தைக் கோத்துக் கோத்து, நுனி மட்டும் விரல்கடை வெளியே தெரிகிற மாதிரி அமுக்கி வைக்கிறார். நீங்கள் மயிலிறகுத் தண்டில் செய்கிற அதே வேலை! கனம் தெரிந்தால் மீன் இரையைத் துப்பிவிடும் என்று நீங்கள் சொன்னதையே அவரும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

ஆனால் கடி வேறு மாதிரி. கெண்டை மாதிரி வெடுக்கென்று இழுக்காது. தக்கை மெதுவாக, யாரோ யோசித்து யோசித்து அமுக்குவதுபோல இறங்கும். நுனி மறைந்ததும் வீசி இழுத்தால் போச்சு, நன்றாக உள்ளே போகிறவரை விட வேண்டும். முதல் மூன்று சனிக்கிழமையும் நான் அவசரப்பட்டு வெறும் முள்ளைத்தான் இழுத்தேன்.

எங்கள் கூட்டம் நான்கு பேர். ஒருவர் பருத்தித்துறைக்காரர், எங்களுக்கு மூத்தவர். இந்த மீனைப் பார்த்ததும், "எங்கட ஊர் ஓரா மாதிரி, அதுவும் பாசிதான் தின்னும்" என்றார். ஊர் பேச்சு எடுத்தால் அப்புறம் அரை மணி நேரம் பேசமாட்டார். இன்னொருவர் தூத்துக்குடி. அடுத்தவன் நம்ம பொள்ளாச்சிப் பையன், ஆழியாறு அணைக்கு மேல் பெரிய தண்ணீர் பார்த்திராதவன். எங்கள் இருவருக்கும் 'வாய்க்கால் மீனவர்கள்' என்று பட்டப்பெயர். வாரம் முழுக்க ரயில், அலுவலகம், அறை, மறுபடி ரயில். சனிக்கிழமை மதியம் மட்டும் மனிதனாகிறேன். அதுவும் கொஞ்ச நேரம்தான், இப்போது 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது.

போகிற இடத்தின் பேரைக் கேளுங்கள்: மலபார்! நீங்கள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி மாடு பிடிக்கப் போவீர்களே, அந்தப் பக்கத்துப் பேர்தான். 1931-இல் 'மலபார்' என்ற கப்பல் இந்தக் கரைப் பாறையில் மோதி உடைந்தது. அந்தக் கப்பல் பேரே ஊருக்கு நிலைத்துவிட்டது. முதல் தடவை பேருந்துப் பலகையில் படித்தபோது, நம்மூர்க் காற்று லேசாக அடித்த மாதிரி இருந்தது.

சும்மா போய்த் தூண்டில் போட முடியாது. வருடத்துக்கு 35 டாலர், நம் காசுக்குக் கிட்டத்தட்ட 2,000 ரூபாய், அரசாங்கத்துக்குக் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். லூடரிக் 27 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒரு ஆளுக்கு 10-க்கு மேல் கூடாது. பத்து எங்கே, எனக்கு இரண்டு கிடைத்தாலே திருவிழா.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இது: அந்தப் பாறைகளில் லைஃப் ஜாக்கெட் போடாமல் தூண்டில் போடக் கூடாது என்று 2016-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். நாங்கள் அடியில் இரும்பு முள் வைத்த செருப்பு போடுகிறோம். தனியாக யாரும் போவதில்லை. போனதும் தூண்டிலை எடுப்பதில்லை. அரை மணி நேரம் மேட்டில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறோம். பாறை எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது என்று பார்த்தால் அலை எதுவரை ஏறும் என்று தெரியும். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது.

(அம்மிணி, அம்மா பக்கத்தில் இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடு.)

இந்த எச்சரிக்கையெல்லாம் எதற்கு என்று, ஒருநாள் நடந்த ஒன்றுக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இருபது நிமிடமாகக் கடல் குளம் மாதிரி கிடந்தது. நான் இரண்டு எட்டு கீழே இறங்கி, வாளியை வைத்துவிட்டு, பாசி சுற்றக் குனிந்தேன். "தம்பி, மேல வாரும்!" என்று பருத்தித்துறைக்காரர் கத்தினார். ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் முழங்கால் அளவு வெள்ளை நுரை. வாளி, அதிலிருந்த இரண்டு மீன், தயிர்சாத டப்பா எல்லாம் போய்விட்டது. எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பின அலைகள் வழியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இப்படித்தான் நேரம் பார்த்து மொத்தமாக வருமாம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் யாரும் தூண்டில் போடவில்லை. அதற்கப்புறம் கீழ்த்தட்டுக்கு நான் இறங்கியதே இல்லை, மீன் வந்தாலும் வராவிட்டாலும்.

நேற்று ஒன்று கிடைத்தது. இதைப் பிடித்ததும் அங்கேயே கழுத்தறுத்து ரத்தத்தை வடித்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசி நாற்றம் போகாது. அறைக்கு வந்து சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல் போட்டுப் பள்ளிபாளையம் மாதிரி வதக்கினேன். கோழிக்குத்தான் அது பொருந்தும் என்று தூத்துக்குடிக்காரர் முகத்தைச் சுளித்தார். சட்டியை வழித்ததும் அவர்தான்.

பெரியவரிடம் மயிலிறகுத் தக்கை பற்றிச் சொன்னேன். பார்க்க ஆசைப்படுகிறார். நீங்கள் அனுப்பிவிடாதீர்கள், இங்கே இறகைக் கண்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கினாலும் பிடுங்கிவிடுவார்கள். செய்து வையுங்கள், படம் எடுத்து வந்து காட்டுகிறேன். தை மாதம் லீவு கிடைக்கும்போலத் தெரிகிறது. அப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்குமா, அடைத்திருப்பார்களா என்று மாமாவிடம் கேட்டு அம்மிணியை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரன்