கிருஷ்ணய்யர் திண்ணை: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் வாசகசாலை முகப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் நினைவாகத் தொடங்கிய திண்ணை வேலை முடிந்துவிட்டது. பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, வக்கீலாக இருக்கும்போதே சிறைக்குப் போனவர். அவர் பெயரில் யாரும் வந்து உட்காரக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

முதலில் சிலைதான் பேச்சாக இருந்தது. அந்தச் செலவில் திண்ணை, ஓட்டுக்கூரை, எழுதும் மேசை மூன்றையும் முடிக்கலாம் என்று குழு தீர்மானித்தது. எங்களுக்கு அந்த மேசைதான் முக்கியம். திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1979-இல் அதில் தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர். மனு எழுதத் தெரியாமல் தயங்குகிறவர்கள் இனி இங்கே வந்து உட்காரலாம். ஞாயிறு காலைகளில் நம் உறுப்பினர்களான வக்கீல்கள் பணம் வாங்காமல் எழுதித் தருவார்கள்.

திண்ணை வேலையைத் தொடங்கும் முன் சாக்கடையைத்தான் சரிசெய்தோம். பணமில்லை என்று சொல்லி நகராட்சி கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-இல் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சிச் சாக்கடை வழக்கில் சொன்னவர் பெயரை, தேங்கி நாறும் தண்ணீருக்குப் பக்கத்தில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம் மழையால் கூரை வேலை தள்ளிப்போனது. சாய்தளம் முதலில் செங்குத்தாக அமைந்துவிட்டது. சக்கர நாற்காலி ஏறாது என்று தெரிந்ததும் இடித்து மறுபடி போட்டோம்.

சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் மோத்தி ராம் வழக்கை எழுதி வைத்திருக்கிறோம். அவர் ஒரு கொத்தனார். ஜாமீனுக்கு 10,000 ரூபாய் கேட்ட மாஜிஸ்திரேட், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அந்தச் சகோதரரைப் பிணையாளாக ஏற்கவில்லை. 1978-இல் கிருஷ்ணய்யர், வேறு பிணையாள் கேட்காமல், மோத்தி ராமை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ தொலைதூரத்தில் கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவான் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார். இதை வாசித்துக் காட்டியபோது நம் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அந்தச் சுவரின் பூச்சை வேறு யாருக்கும் விடாமல் அவரே முடித்தார்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அலுவலக அறையில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். கிருஷ்ணய்யர் பிறந்த நாளான நவம்பர் 15 அன்று திண்ணையைத் திறக்கிறோம். மேசையில் தாளும் பேனாவும் தீராமல் பார்த்துக்கொள்ள, வாரம் ஒருவராக முறை வைக்கவேண்டும். முடிந்தவர்கள் நூலகரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு